கம்ப்யூட்டருக்குப் பேரேடு எழுதிய கேரி கில்டால்

வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். அதில் "சி டிரைவ்" என்று ஒன்று இருக்கும். பல கம்ப்யூட்டர்களில் "டி டிரைவ்" என்று இன்னொன்றும் இருக்கும்.

சி இருக்கிறது, டி இருக்கிறது. ஏ எங்கே? பி எங்கே?

அந்த இரண்டு எழுத்துகளும் ஒரு காலத்தில் பிளாப்பி தட்டுகளுக்கு உரியவை. தட்டுகள் மறைந்துவிட்டன. அவற்றின் இடம் மட்டும் காலியாக நிற்கிறது.

சிறிய கம்ப்யூட்டர்களில் இந்த எழுத்து வரிசையைத் தொடங்கி வைத்தவர் ஓர் அமெரிக்கர். பைலுக்குப் பெயர் வைத்து, அதை எங்கே வைத்தோம் என்று கணக்கு எழுதி, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் வேலையைச் சின்னஞ்சிறு கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்.

அவர் பெயர் கேரி கில்டால். அவர் போட்ட பாதையில் கோடிக்கணக்கான மக்கள் நடந்தார்கள். பாதை போட்டவரின் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது.

மாலுமிப் பள்ளிக்கூடம்

கில்டால் 1942-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி பிறந்தார். ஊர், அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் உள்ள சியாட்டில் என்ற துறைமுக நகரம்.

அவருடைய தாத்தா அங்கே மாலுமிகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். நடுக்கடலில் கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வித்தையை அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். தகப்பனாரும் அதே பள்ளியில் பாடம் நடத்தினார்.

அது சுலபமான வித்தை அல்ல. சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்து பார்க்க வேண்டும். பட்டியல்களைப் புரட்ட வேண்டும். பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வேண்டும். அதன் பிறகுதான் கப்பல் இருக்கும் இடம் தெரியும்.

கைப்பிடியைச் சுற்றினால் விடை வந்து விழும்படி ஒரு பெட்டி கிடைக்காதா என்பது தகப்பனாரின் ஆசை. அந்த ஆசை மகன் மனதிலும் பதிந்தது.

பள்ளிப் படிப்பில் கில்டால் முதல் வரிசை மாணவர் அல்ல. படித்து முடித்தபின் கொஞ்ச காலம் குடும்பப் பள்ளியிலேயே வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு, கணக்கு வாத்தியார் ஆகும் எண்ணத்தோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் கம்ப்யூட்டரைக் கண்டார். கணக்கு வாத்தியார் எண்ணம் பறந்து போயிற்று.

1963-ம் ஆண்டு கில்டாலுக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் டாரதி மெக்யூவன். பள்ளிக்கூட நாட்களிலேயே இருவருக்கும் பழக்கம். அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள்.

வியட்நாம் யுத்த காலம் அது. வாலிபர்கள் கட்டாய ராணுவ சேவைக்குப் போக வேண்டும். கில்டால் கடற்படையில் சேர்ந்தார். அவரை யுத்தத்துக்கு அனுப்பவில்லை. கலிபோர்னியா மாநிலத்தில் மான்டரே என்ற கடற்கரை ஊரில் கடற்படை அதிகாரிகளுக்கான உயர்கல்விப் பள்ளி இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது.

1972-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

விரல் நுனியில் ஒரு கம்ப்யூட்டர்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறை நிறைய நிற்கும் இயந்திரம். அரசாங்கமும் பெரிய கம்பெனிகளும்தான் அதை வாங்க முடியும்.

1971-ம் ஆண்டு இன்டெல் கம்பெனி 4004 என்ற ஒரு சில்லை வெளியிட்டது. நகத்தளவு சில்லுக்குள் கணக்குப் போடும் மூளை முழுவதும் அடங்கியிருந்தது.

கில்டாலுக்குத் தகப்பனாரின் ஆசை நினைவுக்கு வந்தது. கப்பல் இருக்கும் இடத்தைச் சொல்லும் பெட்டியை இந்தச் சில்லைக் கொண்டு செய்ய முடியுமா என்று முயற்சி செய்தார். அதற்கு வேண்டிய கணக்குகளை எழுதிப் பார்த்தார்.

அந்தப் பெட்டி அப்போது உருவாகவில்லை. ஆனால் அந்த முயற்சி அவரை இன்டெல் கம்பெனியின் வாசலுக்குக் கொண்டு போயிற்று. பாடம் இல்லாத நாட்களில் அவர் அங்கே போய் வேலை செய்தார். சில்லுக்குப் புரோகிராம் எழுதுவதைச் சுலபமாக்க பி.எல்./எம். என்ற மொழியை உருவாக்கிக் கொடுத்தார். அது 1973-ல் வந்தது.

இதற்குள் சில்லு வளர்ந்துவிட்டது. அதைச் சுற்றி ஒரு சின்னக் கம்ப்யூட்டரையே கட்டிவிடலாம் என்ற நிலை வந்தது. ஒரு குறைதான் பாக்கி. எழுதியதை எங்கே வைப்பது?

காகிதச் சுருள்

சில்லுக்கு நினைவு நிலைப்பது இல்லை. மின்சாரம் நின்றால் நினைவில் இருந்த எல்லாம் அழிந்துவிடும். ஆகையால் எழுதியதை வெளியே எங்காவது பதிந்து வைக்க வேண்டும்.

அப்போது அதற்குப் பயன்பட்டது காகிதச் சுருள். தந்தி அலுவலகத்தில் இருந்தது போன்ற டெலிடைப் இயந்திரம், நீளமான காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாகக் குத்தித் தள்ளும். ஒரு வரிசை ஓட்டை, ஓர் எழுத்து.

அதன் வேகம் வினாடிக்கு 10 எழுத்துகள். 16 ஆயிரம் எழுத்துகள் கொண்ட புரோகிராமைப் படிக்க ஏறக்குறைய 27 நிமிடம் ஆகும். நடுவில் நாடா கிழிந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வேண்டிய பகுதியை மட்டும் எடுப்பது என்ற பேச்சே இல்லை. சுருளின் கடைசியில் உள்ள வரி வேண்டும் என்றாலும் முழுச் சுருளையும் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

பெரிய கம்ப்யூட்டர்களுக்காக ஐ.பி.எம். கம்பெனி பிளாப்பி தட்டைக் கண்டுபிடித்திருந்தது. காந்தப் பூச்சு பூசிய, வளையக்கூடிய வட்டத் தட்டு அது. குறுக்களவு 8 அங்குலம். தட்டு சுற்றும், படிக்கும் முனை தட்டின் எந்த வட்டத்துக்கும் தாவிப் போகும். வேண்டிய இடத்தை ஒரு நொடிக்குள் தொடலாம்.

இந்தத் தட்டைச் சில்லுடன் இணைத்துவிட வேண்டும் என்று கில்டால் துடித்தார்.

பின்கட்டுக் கொட்டகை

ஷுகார்ட் என்ற கம்பெனி தட்டு ஓட்டும் இயந்திரங்களைச் செய்து கொண்டிருந்தது. சோதனையில் ஓடி ஓடித் தேய்ந்துபோன ஓர் இயந்திரம் அங்கிருந்து கில்டாலுக்குக் கிடைத்தது.

இயந்திரம் கிடைத்தது. அதைச் சில்லுடன் இணைக்கும் மின்சுற்று கிடைக்கவில்லை. கில்டாலே செய்து பார்த்தார். முடியவில்லை. அவர் புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரர். கம்பிகளை இணைப்பதில் அல்ல. இயந்திரம் அவர் அறையில் வெகுநாள் சும்மா கிடந்தது.

கடைசியில் தம்முடன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்த ஜான் டொரோட் என்ற நண்பரை வேண்டிக் கொண்டார். டொரோட் மின்சுற்றைக் கட்டி முடித்தார்.

மான்டரேக்கு அடுத்த ஊர் பசிபிக் குரோவ். அங்கே கில்டால் வீட்டின் பின்புறம் ஒரு கொட்டகை இருந்தது. 1974-ம் ஆண்டு அந்தக் கொட்டகையில் தட்டு சுற்றியது, முனை அசைந்தது, கம்ப்யூட்டர் தட்டிலிருந்து படித்தது.

அதற்காகக் கில்டால் எழுதிய புரோகிராமின் பெயர் சி.பி./எம். சின்னக் கம்ப்யூட்டரை ஆளும் புரோகிராம் என்பது அதன் பொருள்.

தட்டில் ஒரு பேரேடு

சி.பி./எம். என்ன செய்தது?

மளிகைக் கடையில் பேரேடு இருக்கும். இன்னார் கணக்கு இன்ன பக்கத்தில் என்று அதில் எழுதியிருக்கும். கில்டால் ஒவ்வொரு தட்டிலும் அப்படி ஒரு பேரேட்டை வைத்தார்.

முதலில், தட்டின் இரண்டு வட்டங்களை சி.பி./எம். தனக்கு எடுத்துக் கொண்டது. மீதி இடத்தை 243 அறைகளாகப் பிரித்தது. ஒவ்வோர் அறையிலும் 1,024 எழுத்துகள் கொள்ளும். முதல் இரண்டு அறைகள் பேரேட்டுக்கு. மற்ற 241 அறைகளும் பைல்களுக்கு.

பேரேட்டில் மொத்தம் 64 வரிகள். ஒவ்வொரு வரியும் 32 எழுத்து நீளம். அதில் முதல் எழுத்து, வரி பயன்பாட்டில் இருக்கிறதா, காலியா என்று காட்டும். அடுத்த 8 எழுத்துகள் பைலின் பெயர். அடுத்த 3 எழுத்துகள் அது என்ன வகை என்பது. அடுத்த 4 எழுத்துகளில் இது பைலின் எத்தனையாவது பகுதி, அதில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்ற கணக்கு. கடைசி 16 இடங்களில் அறை எண்கள்.

ஒரு வரியில் 16 அறைகளைத்தான் குறிக்க முடியும். பைல் அதைவிடப் பெரியதாக வளர்ந்தால்? அதே பெயரில் இன்னொரு வரி தொடங்கும். அதில் இரண்டாம் பகுதி என்று குறிப்பு இருக்கும்.

அறைகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பது இல்லை. ஒரு பைல் 5-ம் அறையில் தொடங்கி 90-ம் அறைக்குப் போய் 12-ம் அறையில் முடியலாம். பேரேட்டில் எண்கள் வரிசையாக இருந்தால் போதும்.

பைலை அழிப்பதற்கும் கில்டால் ஒரு சுருக்கு வழி கண்டார். அறைகளை அவர் தொடவே இல்லை. பேரேட்டு வரியின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி, வரி காலி என்று அடையாளம் வைத்தார். அதற்கு அவர் எடுத்துக் கொண்ட அடையாளம், புதுத் தட்டுகளில் ஏற்கனவே எங்கும் நிரப்பப்பட்டிருந்த அதே அடையாளம்! அதனால் கடையிலிருந்து வாங்கிய புதுத் தட்டைப் போட்டாலும், பேரேடு காலி என்று கம்ப்யூட்டர் தானாகவே புரிந்து கொண்டது.

திற, படி, மூடு

பேரேட்டைப் பார்த்துப் பைலை எடுப்பது எப்படி? அதற்கு ஒரு சீட்டு உண்டு.

கடிதம் எழுதும் புரோகிராம் ஒன்றுக்கு ஒரு பைல் வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். அது தன் நினைவில் 33 எழுத்து இடம் உள்ள ஒரு சீட்டைத் தயார் செய்யும். தட்டின் எழுத்தையும் பைலின் பெயரையும் அதில் எழுதும். பிறகு 15 என்ற எண்ணைச் சொல்லி சி.பி./எம்.-மிடம் சீட்டை நீட்டும். 15 என்றால் திற என்று அர்த்தம்.

சி.பி./எம். பேரேட்டை வரி வரியாகப் பார்க்கும். பெயர் இருந்தால் அந்த வரியில் உள்ள அறை எண்களைச் சீட்டில் எழுதித் திருப்பிக் கொடுக்கும். இதுதான் பைலைத் திறப்பது.

அடுத்து 20 என்று சொன்னால் படி என்று அர்த்தம். சி.பி./எம். 128 எழுத்துகளைக் கொண்டு வந்து கொடுக்கும். எதுவரை படித்தாயிற்று என்ற கணக்கைச் சீட்டிலேயே ஒன்று கூட்டி வைக்கும். மறுபடி 20 என்றால் அடுத்த 128 எழுத்துகள் வரும்.

16 என்றால் மூடு. பைலில் புதிதாக எழுதியிருந்தால் மூடுவது மிக முக்கியம். புது அறை எண்கள் அதுவரை சீட்டில் மட்டுமே இருக்கும். மூடும்போதுதான் அவை பேரேட்டில் ஏறும். மூடுவதற்கு முன் மின்சாரம் போனால் எழுத்துகள் தட்டில் இருந்தும் பயன் இல்லை. அவை எந்த அறையில் இருக்கின்றன என்று சொல்லப் பேரேட்டில் வரி இராது.

இன்னோர் ஆபத்தும் இருந்தது. பிளாப்பி தட்டைக் கையால் மாற்றலாம். ஒரு தட்டு வேலையில் இருக்கும்போதே அதை எடுத்துவிட்டு வேறு தட்டைச் செருகினால் என்ன ஆகும்? பழைய தட்டின் கணக்கை வைத்துக் கொண்டு கம்ப்யூட்டர் புதுத் தட்டில் எழுதும். அந்தத் தட்டில் இருந்தவை நாசமாகும்.

இதற்கும் கில்டால் ஒரு காவல் போட்டார். பேரேட்டில் உள்ள எண்களையெல்லாம் கூட்டி ஒரு மொத்தத்தைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக் கொள்ளும். அடுத்த முறை பார்க்கும்போது மொத்தம் ஒத்து வராவிட்டால், தட்டு மாறிவிட்டது என்று தெரிந்து கொள்ளும். இனி இதில் எழுத மாட்டேன், படிக்கத்தான் செய்வேன் என்று நின்றுவிடும். வேலை தடைப்பட்டதே என்று மக்களுக்குக் கோபம் வரும். ஆனால் தட்டு பிழைத்துவிடும்.

இவை எல்லாவற்றையும் கில்டால் தாமே கற்பனை செய்தார் என்று சொல்வது சரி அல்ல. பெரிய கம்ப்யூட்டர்களில் இவற்றுக்கு முன்னோடிகள் இருந்தன. தட்டை ஓர் எழுத்தால் குறிப்பது ஐ.பி.எம். இயந்திரங்களில் இருந்த வழக்கம். பைல் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்தில் வகையைச் சேர்ப்பது டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்ற கம்பெனியின் இயந்திரங்களில் இருந்தது. அவற்றைச் சுருக்கி, 16 ஆயிரம் எழுத்து நினைவு மட்டுமே உள்ள ஏழைக் கம்ப்யூட்டரிலும் ஓடச் செய்ததுதான் கில்டாலின் சாமர்த்தியம்.

வீட்டுக்குள் ஒரு கம்பெனி

சி.பி./எம்.-மை இன்டெல் கம்பெனி வாங்கிக் கொள்ளும் என்று கில்டால் எதிர்பார்த்தார். இன்டெல் வேண்டாம் என்றது.

கணவனும் மனைவியும் தாங்களே விற்பது என்று முடிவு செய்தார்கள். டிஜிட்டல் ரிசர்ச் என்ற கம்பெனி பிறந்தது. கில்டால் புரோகிராம் எழுதினார். டாரதி ஒப்பந்தம், கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டார். 1976-ல் பத்திரிகையில் விளம்பரம் செய்து, சுமார் 70 டாலர் விலைக்கு விற்றார்கள்.

அப்போது ஒரு கஷ்டம் இருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரிக் கம்ப்யூட்டரைச் செய்தது. ஒவ்வொன்றுக்கும் சி.பி./எம்.-மைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

1977-ல் இம்சாய் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி 25 ஆயிரம் டாலர் கொடுத்து சி.பி./எம்.-மை வாங்கியது. அந்தச் சமயத்தில் கில்டால் தம் புரோகிராமை இரண்டாக வகுத்தார். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் பகுதியைத் தனியே எடுத்து ஒதுக்கினார். அதற்கு பயாஸ் என்று பெயர் வைத்தார். பேரேடும் சீட்டும் உள்ள பெரிய பகுதி எங்கும் மாறாமல் ஒன்றாகவே இருந்தது.

புதுக் கம்ப்யூட்டர் செய்கிறவர் சின்னஞ்சிறு பயாஸை மட்டும் எழுதினால் போதும். சி.பி./எம். அதில் ஓடும். சி.பி./எம்.-முக்காக எழுதிய மற்ற புரோகிராம்களும் ஓடும்.

இதனால் ஒரு புதுத் தொழில் பிறந்தது. கடிதம் எழுத வேர்ட்ஸ்டார், கணக்கு வைக்க டிபேஸ் என்று புரோகிராம்கள் வந்தன. எழுதியவர் ஒரு முறை எழுதி, பல கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கு விற்றார். 1981-ல் சுமார் 3,000 வகைக் கம்ப்யூட்டர்களில் சி.பி./எம். ஓடியது.

கில்டால் செல்வந்தர் ஆனார். கார்கள், மோட்டார் சைக்கிள்கள், ஆகாய விமானம் என்று வாங்கினார். விமானம் ஓட்டுவதில் அவருக்கு அலாதிப் பிரியம்.

வாசலுக்கு வந்த ஐ.பி.எம்.

1980-ம் ஆண்டு கோடை காலம். உலகத்திலேயே பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான ஐ.பி.எம்., வீட்டுக்கு ஏற்ற சிறிய கம்ப்யூட்டரைச் செய்ய ரகசியமாக ஏற்பாடு செய்தது. அதை ஆளும் புரோகிராம் வேண்டும். முதலில் மைக்ரோசாப்ட் கம்பெனியிடம் போனார்கள். அப்போது மைக்ரோசாப்டிடம் அப்படிப்பட்ட புரோகிராம் இல்லை. கில்டாலைப் பார்க்கும்படி பில் கேட்ஸ் அனுப்பி வைத்தார்.

ஐ.பி.எம். ஆட்கள் பசிபிக் குரோவுக்கு வந்தபோது கில்டால் அங்கே இல்லை. தம் விமானத்தை ஓட்டிக்கொண்டு, வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். வழக்கம்போல டாரதி பேசினார்.

ஐ.பி.எம். ஆட்கள் ஒரு தாளை நீட்டினார்கள். பேசுவது எதையும் வெளியே சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தம் அது. அதன் நிபந்தனைகள் ஒருதலைப்பட்சமாக இருந்தன. கம்பெனி வக்கீலைக் கலந்து கொண்டு, டாரதி கையெழுத்துப் போடத் தயங்கினார். நேரம் ஓடியது. பிறகு நடந்த பேச்சிலும் காரியம் முடியவில்லை.

ஐ.பி.எம். மறுபடி மைக்ரோசாப்டிடம் போயிற்று.

பல ஆண்டுகளுக்குப் பிறகும், கில்டால் உல்லாசமாக ஆகாயத்தில் பறக்கப் போய் ஓர் அதிர்ஷ்டத்தைக் கோட்டைவிட்டார் என்று உலகம் கதை பேசியது. அவர் போனது தொழில் காரியமாக என்பதைக் கதை சொன்னவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை.

அதே எண்கள்

சியாட்டில் பக்கத்தில் ஒரு சிறு கம்பெனி இருந்தது. டிம் பேட்டர்சன் என்ற வாலிபர் அங்கே வேலை பார்த்தார். இன்டெலின் புதிய சில்லுக்கு சி.பி./எம். வந்து சேரத் தாமதம் ஆனதால், 1980-ல் அவரே ஒன்றை எழுதிவிட்டார். அதை மைக்ரோசாப்ட் மொத்தம் 75 ஆயிரம் டாலருக்கு வாங்கி, டாஸ் என்ற பெயரில் ஐ.பி.எம்.-முக்குக் கொடுத்தது. கில்டால் பிறந்த ஊரின் வட்டாரத்திலேயே அவருக்குப் போட்டி முளைத்தது.

1981-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி ஐ.பி.எம். பி.சி. அறிமுகமாயிற்று.

கில்டால் டாஸைப் பார்த்தார். தட்டுகளுக்கு ஏ, பி என்று அதே எழுத்துகள். பைலுக்கு அதே 8 எழுத்துப் பெயர், 3 எழுத்து வகை. அதே மாதிரிச் சீட்டு. 15 என்றால் திற; 16 என்றால் மூடு; 20 என்றால் படி. அழித்த வரிக்கு வைக்கும் அடையாளம்கூட அதே அடையாளம்!

ஒன்று மட்டும் வேறு. அறை எண்களைப் பேட்டர்சன் பேரேட்டு வரியில் எழுதவில்லை. எல்லா அறைகளுக்கும் சேர்த்துத் தனியாக ஒரு பட்டியல் வைத்தார். ஓர் அறைக்கு அடுத்தது எது என்று அந்தப் பட்டியல் சங்கிலி போலச் சொல்லும். இந்த யோசனை மைக்ரோசாப்டின் பேசிக் புரோகிராம் ஒன்றிலிருந்து வந்தது. பைலின் நீளத்தையும் டாஸ் எழுத்துக் கணக்கில் துல்லியமாகக் குறித்தது. சி.பி./எம்.-முக்கு 128, 128-ஆகத்தான் எண்ணத் தெரியும்.

கில்டால் தம் உழைப்பைக் களவாடிவிட்டார்கள் என்று கருதினார். பேட்டர்சனோ, சி.பி./எம். புரோகிராமைத் தாம் பார்க்கவே இல்லை என்றார். பழைய புரோகிராம்களை மாற்றி எழுதுவது சுலபமாக இருக்கட்டும் என்று, வெளியில் விற்ற கையேட்டைப் பார்த்து அழைக்கும் முறையை மட்டும் ஒன்றாக வைத்ததாகச் சொன்னார். புரோகிராமைக் காப்பியடிப்பது வேறு. அதை அழைக்கும் முறையைப் பின்பற்றுவது வேறு. அந்த நாளில் இந்த விஷயத்தில் சட்டமும் தெளிவாக இல்லை.

கில்டால் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஐ.பி.எம்.-முடன் சமாதானமாகப் போனார். புது கம்ப்யூட்டருக்கு சி.பி./எம்.-மையும் விற்பதாக ஐ.பி.எம். ஒப்புக் கொண்டது.

1982-ல் அது விலைக்கு வந்தது. டாஸ் விலை 40 டாலர். சி.பி./எம். விலை 240 டாலர். மக்கள் எதை வாங்குவார்கள் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

1983-ல் டாஸின் இரண்டாம் பதிப்பு வந்தது. சீட்டைப் புரோகிராம் கையில் கொடுக்கும் பழைய முறைக்குப் பக்கத்தில், புது முறை ஒன்று சேர்ந்தது. சீட்டைக் கம்ப்யூட்டரை ஆளும் புரோகிராம் தன்னிடமே வைத்துக் கொள்ளும். கேட்டவருக்கு டோக்கன் போல ஓர் எண்ணை மட்டும் கொடுக்கும். யூனிக்ஸ் என்ற பெரிய கம்ப்யூட்டர் முறையிலிருந்து வந்த இந்த வழிதான் நிலைத்தது.

பிற்பகல் வெயில்

தோல்விக்குப் பிறகும் கில்டால் சும்மா இருக்கவில்லை. மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசை அவரை விட்டுப் போகவில்லை. 1980-களில் கம்ப்யூட்டரைப் பற்றி அமெரிக்க டெலிவிஷனில் வாரந்தோறும் வந்த ஒரு நிகழ்ச்சியில் தோன்றி, பொறுமையாக விளக்கம் சொன்னார்.

பாட்டு கேட்கும் சி.டி. தட்டில் புத்தகத்தை அடக்கலாம் என்று முதலில் கண்டவர்களில் அவரும் ஒருவர். அவர் தொடங்கிய இன்னொரு கம்பெனியின் மூலம், 1985-ல் ஒரு கலைக்களஞ்சியம் முழுவதும் ஒரே சி.டி.யில் வெளிவந்தது. தேடும் சொல்லைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் காட்டியது. மாலுமிப் பள்ளி வாத்தியாரின் மகன் மறுபடியும் இடம் கண்டுபிடிக்கும் வித்தையைத்தான் செய்தார்.

ஆனால் மனநிம்மதி இல்லை. டாரதியுடன் இருந்த மணவாழ்க்கை முறிந்தது. 1991-ல் டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியை நோவெல் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டு, டெக்ஸாஸ் மாநிலத்துக்குப் போய்க் குடியேறினார். எங்கே போனாலும், பில் கேட்ஸ் ஆகியிருக்க வேண்டியவர் என்று தம்மை அடையாளம் காட்டுவது அவருக்கு முள்ளாகக் குத்தியது. குடிப்பழக்கம் அதிகமாயிற்று.

தம் கதையை அவர் எழுதி வைத்தார். அதை அவர் காலத்தில் அச்சிடவில்லை.

1994-ம் ஆண்டு ஜூலை மாதம் மான்டரேக்கு வந்திருந்தபோது, 8-ந் தேதி இரவு ஒரு மதுக்கடையில் கில்டாலின் தலையில் பலத்த அடிபட்டது. மூன்று நாள் கழித்து, 11-ந் தேதி இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 52. அந்தச் சம்பவத்துக்காக யார் மீதும் வழக்குப் போடப்படவில்லை. சியாட்டில் நகரின் வடபகுதியில் உள்ள ஒரு கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பெயர் திரும்பியது

அடுத்த ஆண்டு, 1995 ஆகஸ்டு மாதம், விண்டோஸ் 95 வந்தது. பைலுக்கு நீளமான பெயர் வைக்க அது இடம் கொடுத்தது. அதுவரை, டாஸ் கம்ப்யூட்டர் வைத்திருந்த அத்தனை பேரும் 8 எழுத்து, 3 எழுத்து என்ற கட்டுக்குள்தான் தங்கள் பைல்களுக்குப் பெயர் வைத்து வந்தார்கள். நீளப் பெயர் வந்த பிறகும், பழைய புரோகிராம்களுக்காக ஒரு குட்டைப் பெயரையும் விண்டோஸ் கூடவே எழுதி வைத்தது.

கில்டாலின் பெயர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. 2004-ல் வெளிவந்த ஒரு புத்தகம் அவர் கட்சியைப் பேசியது. தம்மைக் குறை கூறியதற்காகப் பேட்டர்சன் அந்தப் புத்தகத்தின் மீது வழக்குப் போட்டார். 2007-ல் கோர்ட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது.

2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பசிபிக் குரோவ் ஊரில், பழைய கம்பெனிக் கட்டிடத்தின் முன்னால் ஒரு வெண்கலப் பலகை பதித்தார்கள். உலக எலெக்ட்ரானிக் என்ஜினீயர்கள் சங்கம் வைத்த பலகை அது. 1974-ல் கில்டால் சி.பி./எம்.-மை முதன்முதலாக ஓட்டிக் காட்டிய ஊர் இது என்று அதில் பொறித்திருக்கிறது. அவர் எழுதி வைத்த வாழ்க்கைக் கதையின் ஒரு பகுதியை, குடும்பத்தாரின் சம்மதத்தோடு 2016-ல் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது.

இன்று ஒரு குழந்தை செல்போனில் படத்தின் மீது விரலை வைக்கிறது. படம் திறந்து கொள்கிறது. அந்தக் கணத்தில் உள்ளே யாரோ பேரேட்டைப் புரட்டி, பெயரைத் தேடி, அறை எண்ணைப் பார்த்து, எடுத்து வந்து கொடுக்கிறார்கள். இப்போது பேரேடுகள் பெரியவை. அறைகள் கோடிக்கணக்கில் உள்ளவை. வேலை மட்டும் பழைய வேலைதான்.

சாமானிய மக்களின் கம்ப்யூட்டருக்கு அந்த வேலையை ஒரு கொட்டகையில் உட்கார்ந்து கற்றுக் கொடுத்தவர் கேரி கில்டால்.